பழைய கான்கிரீட் தூளால் சிமென்ட் மிச்சமாகுமா? ஒரு பிளாக் களத்து அனுபவம்

கோவைக்குத் தெற்கே, பொள்ளாச்சி சாலையை ஒட்டிய ஊரில் சாலிட் பிளாக்கும் பேவர் பிளாக்கும் போடுகிற சிறிய களம் வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் காசை விழுங்குவது சிமென்ட்தான். இடித்த கான்கிரீட்டையும் உதிர்ந்த பூச்சுக் கலவையையும் தூளாக்கிச் சேர்த்தால் சிமென்டில் ஒரு பங்கைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால், எந்தக் களத்துக்காரரும் காது கொடுத்துக் கேட்பார். நானும் அப்படித்தான் இதில் இறங்கினேன். சில வருடங்கள் இந்தத் தூளோடு மல்லுக்கட்டியதில் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. இடிபாடு முழுவதையும் ஒன்றாக அரைத்தால் கிடைப்பது வெறும் கல்தூள். அதில் ஒட்டியிருக்கும் சிமென்ட் பசையை மணலிலிருந்தும் ஜல்லியிலிருந்தும் எவ்வளவு தூரம் பிரிக்கிறோமோ, அவ்வளவு தூரம்தான் சிமென்ட் மிச்சமாகும்.

கணக்குப் போட்டால் இது உடனே புரியும். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ எடை. அதில் சிமென்ட் 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இறுகும்போது தன்னோடு சேர்த்துக்கொண்ட தண்ணீரையும் கூட்டினால் பசை 430 கிலோ வரலாம். ஆக, மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் கருங்கல்லும் மணலும். 1:5 பூச்சுக் கலவையிலும் இதே நிலைதான். ஆறில் ஒரு பங்கு சிமென்ட், மற்றது மணல். அந்தக் கட்டியை அப்படியே மாவாக்கி ஒரு மூட்டை சிமென்டுக்குப் பதில் போட்டால், நாம் போட்டதில் பெரும்பகுதி ஆற்று மணலின் மாவு. மணலை எவ்வளவு நைசாக அரைத்தாலும் அது சிமென்ட் ஆகாது.

சரி, அந்த ஐந்தில் ஒரு பங்குப் பசையிலாவது உயிர் இருக்கிறதா? கொஞ்சம் இருக்கிறது. சிமென்ட் தூளின் பெரிய துகள்கள் உள்ளே வரை நனைவதில்லை. நடுவில் தண்ணீர் படாத கரு அப்படியே தங்கிவிடும். தண்ணீர் குறைவாகப் போட்டு வார்த்த உயர் தரக் கான்கிரீட்டில் இந்தக் கரு கூடுதலாக இருக்கும். உடைத்து நைசாக்கும்போது அது வெளியே வந்து மறுபடி தண்ணீரோடு வேலை செய்யும். அப்புறம், இறுகிய பசையில் இருக்கும் சுண்ணாம்பு. செங்கல் தூளோ அனல்மின் நிலையச் சாம்பலோ பக்கத்தில் இருந்தால் அதோடு சேர்ந்து அதுவும் மெதுவாக இறுகும். இந்த இரண்டும் போக, நுண்ணிய தூள் துகள்களுக்கு இடையே இருக்கும் சந்துகளை அடைத்துக்கொள்வதாலும், புது சிமென்டின் இறுகல் தொடங்க இடம் கொடுப்பதாலும் சிறு பலன் உண்டு. இவ்வளவுதான் நம் கையில் இருக்கும் சரக்கு. இதை வைத்து மூட்டைக்கு மூட்டை சிமென்டை எடுத்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது.

எங்கிருந்து கழிவை எடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி. எனக்குக் கிடைத்ததிலேயே சுத்தமான சரக்கு, கான்கிரீட்டைக் கலந்து லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் பிளான்ட்டுகளின் பரிசோதனைக் கூடத்துக்குப் பின்னால் குவிந்து கிடக்கும், பலம் பார்க்க வார்த்த க்யூப்கள். 150 மில்லிமீட்டர் கட்டி, ஒவ்வொன்றும் எட்டுக் கிலோ. 7 நாளும் 28 நாளும் கழித்து உடைத்துப் பார்த்த பிறகு அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் வேலி ஓரமாகப் போட்டு வைத்திருப்பார்கள். என்ன தரம், என்ன சிமென்ட், எந்தத் தேதி என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். செங்கல் இல்லை, பெயின்ட் இல்லை, ஜிப்சம் இல்லை. அதே பிளான்ட்டுகளில் லாரி டிரம்மைக் கழுவிய தண்ணீர் தேங்கும் தொட்டியின் அடியில் ஒரு சாம்பல் நிறச் சகதி படியும். அதில் மணலைவிடப் பசைதான் அதிகம். அந்தச் சகதியை அதிகம் பழசாகாமல் கேட்டு வாங்க முடிந்தால் அதைவிட நல்ல சரக்கு கிடையாது. இதற்கு, கட்டியை நொறுக்கும் ஜா கிரஷர் மெஷின்கூட வேண்டாம்; காயவைத்துச் சலித்தாலே போதும்.

இடித்த வீட்டுச் சரக்கு வேறு கதை. அதைச் சோதிக்க நான் வைத்திருப்பது ஒரு ஸ்ப்ரே பாட்டில். உள்ளே ஆல்கஹாலில் கரைத்த ஒரு சதவீதப் பினாப்தலீன். வேதிப்பொருள் கடைகளில் சல்லிசாகக் கிடைக்கும். பழைய தளத்தின் ஒரு துண்டைச் சுத்தியலால் அப்போதே பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் தெளிக்க வேண்டும். வெளி ஓரத்தில் விரற்கடை அளவுக்கு நிறமே வராது. அதைத் தாண்டி உள்ளே சட்டென்று செம்பருத்தி நிறம் ஏறும். நிறம் ஏறிய இடத்தில் சுண்ணாம்பு இன்னும் காரத்தோடு இருக்கிறது. ஏறாத இடத்தில் அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் குடித்து மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிவிட்டது. மெல்லிய பூச்சுத் துண்டுகளில் பெரும்பாலும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை நிறமே வராது. அப்படிப்பட்ட தூளைச் சந்துகளை அடைக்கும் தூளாக மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

பசை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இன்னொரு வழி உண்டு. எடை போட்ட தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் பசை கரைந்துவிடும், மணலும் கல்லும் மிஞ்சும். மிஞ்சியதைக் கழுவிக் காயவைத்து எடை போட்டால் ஏறக்குறைய கணக்கு தெரிந்துவிடும். எங்கள் பக்கம் குவாரிகளில் வருவது கருங்கல் என்பதால் இது சரிப்படுகிறது. சுண்ணாம்புக்கல் ஜல்லி போட்ட கட்டடமாக இருந்தால் கல்லும் சேர்ந்து கரைந்து கணக்கைக் கெடுத்துவிடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

நான் கண்டிப்பாகத் திருப்பி அனுப்புவது இரண்டு. ஒன்று, ஜிப்சம் கலந்த சரக்கு. பத்து இருபது வருடத்துக்கு முன்பு கட்டிய அலுவலகங்களிலும் கடைகளிலும் ஃபால்ஸ் சீலிங், பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), ஜிப்சம் பூச்சு எல்லாம் உண்டு. நகத்தால் கீறினால் பள்ளம் விழுகிற வெள்ளைக் கட்டி என்றால் அது பெரும்பாலும் ஜிப்சம்தான். தூளில் அது கூடிவிட்டால் செட்டாகும் நேரம் தாறுமாறாகும். அதைவிட மோசம், பிளாக் போட்டு மாதங்கள் கழித்து உள்ளே உப்பி வெடிப்பு விடலாம். இன்னொன்று, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதுவும் சிமென்ட் சரக்குதானே என்று லாரியில் சேர்த்துப் போட்டு அனுப்புகிறார்கள். அதை உடைத்தால் பறக்கும் நார் நுரையீரலில் தங்கி உயிரைக் குடிக்கும். ஒரு துண்டு தெரிந்தாலும் அந்த லோடை இறக்க விடுவதில்லை. இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

நொறுக்குவது பற்றி ஒரு வார்த்தை. இரும்புக் குண்டுகளை உருட்டி அரைக்கும் பால் மில் (ball mill) வாங்கி எல்லாவற்றையும் சிமென்ட் நைசுக்கு அரைப்பது சிறு களத்துக்குக் கட்டுபடியாகாது. கருங்கல்லை மாவாக்கக் கட்டும் கரன்ட் பில், மிச்சமாகும் சிமென்டைத் தின்றுவிடும். அரைக்காமலே ஒரு சௌகரியம் இருக்கிறது. கல்லைவிடப் பசை மெத்து. ஜா கிரஷரில் மெதுவாக, பெரிய வாயாக வைத்து நொறுக்கினால் கல் முழுசாகக் கழன்று வரும், பசை உதிர்ந்து தூளாகும். அந்தத் தூளை 150 மைக்ரான் சல்லடையில் சலித்தால் கீழே விழுவதில், மொத்தக் கான்கிரீட்டில் இருந்ததைவிடப் பசையின் பங்கு கூடுதலாக இருக்கும். நான் சிமென்டுக்குப் பதில் பயன்படுத்துவது இந்தத் தூளை மட்டும்தான். சல்லடைக்கு மேலே நிற்கும் குருணை மணலுக்குப் பதிலாகப் போகிறது, ஜல்லி பிளாக்குக்கும் பாதை அடித்தளத்துக்கும் போகிறது. எதுவும் வீணில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தத் தூள் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலர் இரண்டு கலவை போட்டுப் பார்க்கிறார்கள்: ஒன்றில் முழு சிமென்ட், இன்னொன்றில் பத்து சதவீதம் குறைத்துத் தூள். இரண்டாவதும் ஏறக்குறைய அதே பலம் காட்டினால், தூள் சிமென்டின் வேலையைச் செய்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது போதாது. மூன்றாவதாக ஒரு கலவை வேண்டும்: சிமென்டைப் பத்து சதவீதம் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் கல்லை நொறுக்கிச் செய்யும் மணலான சாதாரண எம் சாண்டின் தூளைச் சலித்துப் போட்ட கலவை. ஏனென்றால், களங்களில் பெரும்பாலும் தேவைக்கு மேல் சிமென்ட் போட்டுத்தான் பழக்கம். பத்து சதவீதத்தைச் சும்மா எடுத்தாலே பல நேரம் பிளாக் பாஸாகிவிடும். அப்படியானால் அந்தப் பாராட்டு தூளுக்குச் சேராது. மூன்றாவது கலவையைவிடக் கான்கிரீட் தூள் போட்டது மேலாக நின்றால்தான் பசை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இப்படிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த சித்திரம் இது. க்யூப் தூளும் ரெடிமிக்ஸ் சகதித் தூளும் எம் சாண்ட் தூளைவிட மேலாகவே நின்றன. சகதி இன்னும் ஒரு படி மேல். பழைய பூச்சுத் தூளுக்கும் எம் சாண்ட் தூளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பத்து சதவீதம் வரை பலத்தில் விழுகிற குறை சமாளிக்கக்கூடியது. இருபதைத் தொட்டால் குறை கண்ணில் தெரியும். முப்பதில் பிளாக்கின் விளிம்பு கையிலேயே உதிரும். ஏழு நாள் எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படவும் கூடாது. சந்துகளை அடைக்கும் தூள் ஆரம்ப நாட்களில் நன்றாகவே காட்டும், வித்தியாசம் 28 நாளில்தான் வெளிப்படும். நான் 56 நாளும் பார்க்கிறேன்.

இந்தச் சோதனைக்கு எந்த சிமென்ட் எடுக்கிறோம் என்பதும் கவனிக்க வேண்டியது. பிபிசி (PPC) சிமென்ட் மூட்டையில் ஏற்கெனவே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் கலந்திருக்கலாம். அதாவது சூளையில் சுட்டெடுக்கும் சிமென்டின் மூலக்கட்டியான கிளிங்கரில் ஒரு பங்கை சிமென்ட் ஆலையே குறைத்துவிட்டது. அதற்கு மேல் நாமும் தூளைப் போட்டுக் குறைத்தால் ஆரம்ப பலம் அடி வாங்கும், பலகையிலிருந்து பிளாக்கை எடுக்கத் தாமதமாகும். தூளைச் சோதிப்பதானால் சாம்பல் கலக்காத ஓபிசி (OPC) சிமென்டில் சோதியுங்கள். எம் சாண்டும் இதே மாதிரிதான். ஐ.எஸ். 383 தரநிலைப்படி நொறுக்கிய மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15 சதவீதம் வரை இருக்கலாம். ஏற்கெனவே அவ்வளவு தூள் இருக்கும் மணலோடு இன்னும் தூள் சேர்த்தால் தண்ணீர் தேவை ஏறும், பலம் இறங்கும். கழுவிய எம் சாண்டோடு போட்டுப் பார்த்தபோதுதான் கான்கிரீட் தூளின் உண்மையான குணம் எனக்குத் தெரிந்தது.

தண்ணீரைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். பழைய பசையின் துகள் பஞ்சு மாதிரி தண்ணீரை இழுக்கும். மிக்சரில் எல்லாம் சரியாக இருந்த கலவை, மெஷினுக்குப் போவதற்குள் வறண்டு நிற்கும். உடனே வேலையாள் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார். அந்தக் குடத்தோடு பலம் போய்விடும். தூளை முதல் நாளே அளவாக நனைத்து, ஈரம் ஊறியபின் பயன்படுத்துவதுதான் நான் கண்ட வழி. ஆனால் சகதித் தூளை அப்படி நனைத்து வைக்க முடியாது, அதில் மிச்சமிருக்கும் உயிர் ராத்திரியோடு போய்விடும். அதற்குக் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசரைக் கொஞ்சம் சேர்த்து, தண்ணீர் அளவைத் தொடாமல் விட்டுவிடுகிறேன்.

சுட்டுப் பார்க்கலாமா என்ற கேள்வி வரும். கிளிங்கர் செய்ய 1,450 டிகிரி வேண்டும். சிமென்ட் ஆலை விடும் கரியமில வாயுவில் பாதிக்கும் மேல், சுண்ணாம்புக்கல் உடைந்து வெளியேறுவதுதான். பழைய பசையில் இருக்கும் சுண்ணாம்பு ஏற்கெனவே ஒருமுறை அந்தச் சூளையைக் கண்டது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்காக வெட்டிய பள்ளங்களைப் பார்த்தவர்களுக்கு, தோண்டி எடுத்த சுண்ணாம்பை மறுபடி பயன்படுத்துவதன் அருமை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பசையைச் சுடும்போது 400 முதல் 500 டிகிரிக்குள் அதன் சுண்ணாம்பு தண்ணீரை விடுகிறது, மற்றப் பொருள்களும் தண்ணீரை இழந்து மறுபடி இறுகக்கூடிய நிலைக்கு வருகின்றன. 700 டிகிரிக்கு மேல் போனால், காற்றைக் குடித்துச் சுண்ணாம்புக்கல்லாகிப்போன பகுதி மறுபடி கரியமில வாயுவை விட ஆரம்பிக்கும். அப்புறம் நாம் மிச்சப்படுத்தியது என்ன?

ஒரு பொறியியல் கல்லூரியின் பரிசோதனைக் கூட உலையில், தெரிந்த ஆசிரியர் உதவியோடு க்யூப் தூளை 500 டிகிரியைத் தாண்டிச் சுட்டுப் பார்த்தோம். ஆறிய தூளில் தண்ணீர் விட்டதும் கிண்ணம் சூடாகி, கரணையால் பரப்பி முடிப்பதற்குள் கலவை இறுக ஆரம்பித்தது. சுடாத தூள் அப்படியெல்லாம் செய்யாது. வினை நடப்பதைக் கையாலேயே உணர முடிந்தது. ஆனால் தனியாகப் பயன்படுத்த முடியாத அவசரம் அதில் இருக்கிறது, தண்ணீரும் ஏராளமாகக் கேட்கிறது. புது சிமென்டில் ஒரு சிறு பங்காகக் கலந்தபோது நன்றாக வந்தது. 573 டிகிரியில் மணலின் குவார்ட்ஸ் உருமாறிச் சற்றே உப்பும். சுட்ட தூளில் மணல் துகள்கள் விரிசல் விட்டிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மணலைப் பிரிக்காமல் சுடுவது எரிபொருளை மணலுக்குக் கொடுப்பதுதான். என் அளவில் இது கட்டாது. பெரிய அளவில் செய்பவர்கள் வேறு வழி தேடுகிறார்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் குழு ஒன்று, இரும்பு உருக்கும் மின்வில் உலையில் சுண்ணாம்புக்குப் பதிலாகப் பழைய சிமென்ட் பசையைப் போட்டு, வெளிவரும் கசடை வேகமாகக் குளிரவைத்து அரைத்துச் சிமென்டாக்கும் முறையை 2024-இல் நேச்சர் இதழில் வெளியிட்டது. அங்கேயும் முதல் படி, பசையை மணலிலிருந்து பிரிப்பதுதான்.

எதிர்பாராமல் எனக்கு நல்ல பலன் கொடுத்தது சிவப்புத் தூள். பழைய வீடுகளை இடிக்கும்போது வரும் செங்கல் துண்டுகளைத் தனியாக எடுத்து நைசாக்கினால், அது சிமென்ட் விடும் சுண்ணாம்போடு மெதுவாகச் சேர்ந்து இறுகும். நம் ஊரில் இது புதிதல்ல. சுர்க்கி என்று சுண்ணாம்போடு கலந்து தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருக்கிறார்கள்; 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் இருப்பதும் சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். இளஞ்சூட்டில் வெந்த நாட்டுச் செங்கல் நன்றாக வேலை செய்கிறது, கருகும் அளவுக்கு வெந்த கல் அவ்வளவாகச் செய்வதில்லை. ஆரம்ப பலம் குறையும், 56 நாளில் ஈடு கட்டும். ஆனால் நனைப்பதை நிறுத்தினால் அந்த ஈடு கிடைக்காது. சிவப்புத் தூள் போட்ட பிளாக்குகளை 14 நாளாவது நனைத்து, சாக்குப் போட்டு மூடி வைக்கிறோம்.

எங்களுக்குக் கட்டட வேலை செய்து தரும் வயதான மேஸ்திரி ஒருவர், நான் பூச்சுக் கழிவைச் சலித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, "ஏனுங்க தம்பி, செத்த சிமென்டை அரைச்சா மறுபடி உசிரு வருமுங்களா?" என்று கேட்டார். கொஞ்சம் வரும் என்றேன். "அதுக்குக் கீழ விழாமப் பாத்துக்கலாமுங்களே" என்றார். எனக்கு அது சட்டென்று உறைத்தது. பூசும்போது சுவர் ஓரமாகக் கீழே விழும் கலவையை, தார்ப்பாயோ பழைய சாக்கோ விரித்துச் சுத்தமாகப் பிடித்து, கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி சுவருக்கு அனுப்பினால் அந்தச் சிமென்ட் முழுசாகவே மிச்சம். கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் கலவையைத் தீர்க்க வேண்டும் என்றுதான் பூச்சுக் கலவைக்கான தரநிலை ஐ.எஸ். 2250-உம் சொல்கிறது. இறுக ஆரம்பித்ததைத் தண்ணீர் விட்டுக் குழைத்து மறுநாள் பூசுவது மட்டும் கூடாது. மண்ணும் மரத்தூளும் கலந்த தரையிலிருந்து வாரியதை எந்த உலையில் போட்டாலும் அந்தச் சிமென்டைத் திரும்பப் பெற முடியாது.

தூள் பற்றிப் பேசும்போது வேலை செய்கிறவர்களின் நெஞ்சைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. இதில் பறப்பது குவார்ட்ஸ் தூள். வருடக்கணக்கில் சுவாசித்தால் சிலிகோசிஸ் வரும், அதற்கு மருந்து கிடையாது. முகத்தில் துண்டு கட்டுவது பாதுகாப்பு ஆகாது. கிரஷர் வாயில் தண்ணீர் தெளிப்பான், சல்லடைக்கு மூடி, எல்லோருக்கும் என்95 முகக்கவசம். இதற்குச் செலவு செய்ய முடியாதவர் இந்த வேலையைத் தொடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குவியலை மழையில் விடுவதும் தவறு. அதிலிருந்து வடியும் தண்ணீர் கடுமையான காரம். பக்கத்துக் குட்டைக்கோ வாய்க்காலுக்கோ போனால் மீன் மிஞ்சாது. கூரையின் கீழ் வைத்தால் தூளில் இருக்கும் கொஞ்சநஞ்ச உயிரும் தங்கும்.

எதில் போடலாம், எதில் கூடாது? ஐ.எஸ். 383 2016-இல் திருத்தப்பட்டபோது, இடித்த கான்கிரீட்டிலிருந்து எடுத்த ஜல்லியையும் மணலையும் சாதாரணக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்25 தரம் வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும், சிமென்ட் குறைவாகப் போடும் லீன் கான்கிரீட்டில் முழுவதுமாகவும் போட அனுமதி வந்தது. கவனியுங்கள், அது ஜல்லிக்கும் மணலுக்கும் கொடுத்த அனுமதி, சிமென்டுக்குப் பதிலாகத் தூள் போட அல்ல. ஐரோப்பாவில் கட்டடக் கழிவு கலந்த சிமென்டுக்கென்றே 2023-இல் ஈஎன் 197-6 என்ற தரநிலை வந்துவிட்டது. இங்கே தூணிலும் உத்திரத்திலும் தளத்திலும் இந்தத் தூளைப் போடச் சொல்லி யார் கேட்டாலும் நான் முடியாது என்றுதான் சொல்வேன். காம்பவுண்டு சுவர் பிளாக், நடைபாதைக் கல், அடித்தளத்துக்குக் கீழே போடும் லீன் கான்கிரீட், இவற்றோடு நிறுத்திக்கொள்கிறேன். வாங்குகிறவரிடம் இதில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லி, 28 நாள் ரிப்போர்ட்டையும் கையில் கொடுத்துவிடுகிறேன்.

2016-ஆம் ஆண்டு மத்திய அரசின் கட்டடக் கழிவு விதிகளே, ஒரு நாளைக்கு 20 டன்னோ ஒரு மாதத்தில் ஒரு திட்டத்துக்கு 300 டன்னோ தாண்டுகிறவர்கள் கான்கிரீட்டைத் தனியாகவும், செங்கலையும் காரையையும் தனியாகவும், மண்ணைத் தனியாகவும், இரும்பு, மரம், பிளாஸ்டிக்கைத் தனியாகவும் பிரிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தன. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் பதப்படுத்தும் ஆலைகளும் இருக்கின்றன. வீடு இடிப்பவர் எல்லாரும் அந்த அளவைத் தொடமாட்டார்கள், சரிதான். ஆனால் பிரிக்கும் வேலை இடிக்கும் இடத்தில் நடந்தால் சுலபம். ஒருமுறை லாரியில் கலந்துவிட்டால் களத்தில் நாலு ஆள் நாலு நாள் உட்கார வேண்டும். அதனால் எங்கள் களத்துக்கு வரும் இடிப்பு ஒப்பந்தக்காரர்களிடம் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறேன். கான்கிரீட் மட்டும் இருக்கும் லோடுக்கு வண்டி வாடகை என் பொறுப்பு. செங்கல் மட்டும் இருந்தால் பாதி வாடகை. கலந்து வந்தால் இறக்க ஒப்புக்கொள்வதில்லை. முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது பூச்சைக் கொத்தி எடுத்த பிறகே தளத்தை உடைக்கிறவர்கள் சிலர் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர் மெஷின் விலை விசாரிப்பதற்கு முன் பக்கத்து ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் போய் உடைந்த க்யூப்களைக் கேட்டு வாங்கி, நான் சொன்ன மூன்று கலவையையும் போட்டு, 28 நாள் பொறுத்து உடைத்துப் பார்க்கட்டும்.